பிரெஞ்சு ஹார்னும் நேரடி மின்னணு ஒலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பிரெஞ்சு ஹார்னைக் கணினியோடு சேர்த்து வாசிக்கும் நிகழ்ச்சிகள் முடிந்தபின் மேடையருகே வருபவர்களின் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், பிள்ளைகளைப் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்த்திருக்கும் பெற்றோர்கள், ஹார்ன் பயிலும் மாணவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் சில விடைகளுக்கு முன்னவற்றைப் படித்திருப்பது நல்லது.

ஐயா, இது நம் சாமி ஊர்வலத்தில் ஊதும் கொம்புதானே? வேறு பெயர் வைத்திருக்கிறார்களா?

இரண்டும் ஒரே குடும்பம்தான். இரண்டிலும் வாசிப்பவரின் உதடுகள் அதிர்ந்தே ஒலி பிறக்கிறது. வரவர அகலும் உலோகக் குழாய் அந்த அதிர்வை நாதமாக்குகிறது. கொம்பில் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வுகள் இல்லாததால் இயற்கையாகக் கிடைக்கும் சில சுரங்களை மட்டுமே ஊத முடியும். ஐரோப்பிய ஹார்னும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1810களில் ஜெர்மனியில் ஸ்டோல்ட்சல், புளூமல் என்னும் இருவர் வால்வை உருவாக்கிய பிறகே எல்லாச் சுரங்களையும் சமமாக வாசிப்பது எளிதாயிற்று.

எஃப் சுருதி ஹார்னின் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வரும். வாசிப்பவர் இடக்கை விரல்களால் வால்வுகளை அழுத்துகிறார். வலக்கை ஹார்னின் அகன்ற வாய்க்குள் இருக்கிறது. அந்த வாய் பார்வையாளரை நோக்காமல் பின்பக்கம் திரும்பியிருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பக்கத்தின் பாதி விடைகள் அதிலிருந்தே கிளைக்கின்றன.

லைவ் எலெக்ட்ரானிக்ஸ் என்றால் முன்பே பதிவு செய்த இசையைப் போட்டுவிட்டு அதன்மேல் வாசிப்பதா?

இல்லை, அது வேறு வகை. ஒலிநாடாவிலோ கோப்பிலோ முடிந்த வடிவில் இருக்கும் மின்னணு இசையோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டோக்ஹவுசன் தம் கடைசி ஆண்டான 2007இல் எழுதிய ‘நெபடோன்’ ஹார்னுக்கும் அத்தகைய மின்னணு இசைக்குமான படைப்பு. ஸ்காட்லாந்தில் பிறந்த தியா மஸ்கிரேவும் ஹார்னுக்கும் ஒலிநாடாவுக்கும் எழுதியிருக்கிறார். இவற்றில் நாடா யாருக்காகவும் காத்திருக்காது. வாசிப்பவர்தான் அதன் காலக்கணக்குக்குள் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

நேரடி மின்னணு இசையில் ஸ்பீக்கரில் கேட்பது அந்த நேரத்தில் ஹார்னிலிருந்து எடுத்து மாற்றப்பட்ட ஒலி, அல்லது ஹார்ன் ஊதியதைக் கேட்டுக் கருவி தந்த மறுமொழி. மைக் ஒலியைப் பிடிக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் அதை எண்களாக்குகிறது. லேப்டாப்பில் உள்ள மென்பொருள் அந்த எண்களை மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நீங்கள் ஊதாவிட்டால் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. இரண்டு வகையிலும் நல்ல படைப்புகள் இருக்கின்றன என்றாலும், என் மனம் இரண்டாம் வகைக்கே சாய்கிறது என்பதை மறைக்கவில்லை.

கணினி அந்த ஒலியை அப்படி என்னதான் செய்கிறது?

மிக எளியது தாமதம். இப்போது ஊதியதைச் சில நொடிகள் கழித்துத் திருப்பித் தருவது, அதை மீண்டும் உள்ளே செலுத்தி அடுக்கிக்கொண்டே போவது. 1966இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட ஷ்டோக்ஹவுசனின் ‘சோலோ’ முழுவதும் இவ்வழியில் கட்டப்பட்டது. மெட்டு வாசிக்கக்கூடிய எந்தக் கருவியாலும் அதை வாசிக்கலாம் என்பதால் ஹார்ன் வாசிப்பவர்களுக்கும் அது திறந்தே இருக்கிறது.

அடுத்தது ரிங் மாடுலேட்டர். இது இரண்டு ஒலிகளைப் பெருக்கி, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளியே தருகிறது. ஹார்ன் 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வுகளில், ஒரு சுரம் ஊத, கணினி 100 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் 320, 120 என்னும் இரண்டு ஒலிகள் வரும். அந்தச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்குகளான மேற்சுரங்கள் 440, 660 ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான்: 540, 340, 760, 560. அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக இருந்த ஒலிகள் இப்போது அந்த ஒழுங்கை இழந்துவிடுவதால், காதுக்கு அது கண்டாமணியின் உலோக நாதத்தைப் போலக் கேட்கிறது. வாசிப்பவர் ஒலியைச் சற்று வளைத்தால் கூட்டலில் பிறந்தது மேலேறும். கழித்தலில் பிறந்ததும் கூடவே ஏறும். ஆனால் கணினியின் அலை ஹார்னின் சுரத்தைவிட உயரமாக இருந்தால், ஹார்ன் ஏறும்போது கழித்தலில் பிறந்தது இறங்கும். ஒரே மூச்சில் ஒரு ஒலி ஏற இன்னொன்று இறங்குவதை முதன்முறை கேட்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒலியின் ஒரு கணத்தை உறையவைத்து நீட்டுவது, துகள்களாக உடைத்துத் தூவுவது, சுருதியை மாற்றி இணைக்குரல் சேர்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. ஆயினும் ஒரு படைப்புக்கு இரண்டு வழிகளே போதும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஹார்ன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இதற்கு டிரம்பெட் போதாதா? ஏன் ஹார்ன்?

டிரம்பெட் ஒலி நேராக நம்மை நோக்கி வருகிறது. ஹார்னின் ஒலியோ பின்சுவரில் பட்டு, பக்கச் சுவர்களில் பட்டு, அறை முழுவதும் சுற்றிவந்த பிறகே பெரும்பகுதி நம்மை அடைகிறது. அதாவது மின்சாரம் எதுவும் இல்லாதபோதே, ஹார்ன் ஒரு இடத்தின் வழியாக மாற்றப்பட்ட ஒலிதான். மின்னணுக் கருவி அந்த மாற்றத்தைத் தொடர்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையே தையல் தெரியாமல் போவது எளிது.

இன்னொரு காரணம் வலக்கை. கையை முழுமையாக உள்ளே செலுத்தி வாயை அடைத்தால் ஒலி ஒடுங்கிக் கூர்மையாகிறது. எஃப் ஹார்னில் சுருதியும் ஏறத்தாழ அரைச்சுரம் ஏறுகிறது. மெல்லத் திறந்தால் ஒலியின் நிறம் படிப்படியாக மாறும். இத்தகைய நிற மாற்றத்துக்காக மென்பொருளில் நாம் எழுதும் வடிகட்டியை, ஹார்ன் வாசிப்பவர் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளங்கையில் வைத்திருக்கிறார். ஊதிக்கொண்டே குரலெழுப்பிப் பல ஒலிகளை ஒன்றாக எழுப்பும் முறையும் பழையதுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கச்சேரிப் படைப்பில் அது இருக்கிறது.

இதை முதலில் யார் செய்தார்கள்?

‘முதலில்’ என்று அறுதியிட்டுச் சொல்வதைவிட, எங்கிருந்து தொடங்கிக் கேட்க வேண்டும் என்று சொல்வது பயன் தரும். கார்டன் மம்மா என்னும் அமெரிக்கர் 1967இல் உருவாக்கிய ‘ஹார்ன்பைப்’ என்னும் படைப்பிலிருந்து தொடங்குங்கள். அவர் ஹார்ன் வாசிப்பவர், இசையமைப்பாளர், மின்சுற்றுகளைத் தாமே பற்றவைத்துச் செய்பவர். மூன்றும் ஒரே ஆளாக இருந்ததால்தான் அந்தப் படைப்பு பிறந்தது.

அவர் ஒரு சிறு மின்னணுப் பெட்டியை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு வாசித்தார். ஹார்னின் ஒலி அந்த அறையில் எந்தெந்த அலைவெண்களில் ஓங்கி ஒலிக்கிறது என்பதைப் பெட்டி கவனித்து, அதற்கேற்பத் தன் சுற்றுகளைச் சரிசெய்துகொள்ளும். அப்படிச் சரிசெய்யும்போது சில சுற்றுகள் சமநிலை இழக்கும். அவை மீண்டும் சமநிலைக்கு வர முயலும்போது பிறக்கும் ஒலியே ஸ்பீக்கரில் கேட்பது. ஆகவே முதலில் ஹார்ன் மட்டுமே ஒலிக்கும். பெட்டி அறையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் பேசத் தொடங்கும். மவுத்பீஸுக்குப் பதிலாகச் சீவாளி பொருத்தியும் அவர் ஊதினார் என்று சொன்னால் நாதஸ்வரம் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

லேப்டாப் என்ற சொல்லே இல்லாத காலம் அது. இன்றும் அந்தப் பதிவைக் கேட்டால், பொத்தானை அழுத்தினால் ஒலி வரும் என்னும் எளிய உறவைத் தாண்டி மம்மா எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார் என்பது புரியும். அவருடைய பெட்டிக்கு அவர் கட்டளையிடவில்லை. ஊதிவிட்டுப் பதிலுக்காகக் காதைத் திறந்து வைத்தார். இந்த இசையில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

நம் நாட்டில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

மின்னணு இசைக்கு நம் மாகாணத்தில் நல்ல வேர் உண்டு. 1949இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்த கெவின் வோலன்ஸ், ஜெர்மனியின் கொலோன் நகரில் ஷ்டோக்ஹவுசனிடமே பயின்று அவருக்குக் கற்பித்தல் உதவியாளராகவும் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த யுர்கன் பிராய்னிங்கர் டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பல்லாண்டு மின்னணு இசை கற்பித்தார், 2019இல் மறைந்தார். சுலு மக்களின் வில் வாத்தியங்களைச் செய்து வாசிக்கும் சாசி டிலாமினியோடு அவர் சேர்ந்து பணியாற்றியதை இங்கே குறிப்பிட வேண்டும். சுரைக்குடுக்கை கட்டிய உமக்வெயானா வில்லும் ஒரே நாணிலிருந்து மேற்சுரங்களைப் பிரித்தெடுக்கும் கருவிதான். சுரைக்குடுக்கையை மார்பருகே நகர்த்தி ஒலி மாற்றுவதும் ஹார்னில் கை வைப்பதும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

ஹார்ன் கற்க விரும்புவோருக்கு, குவாசுலு-நேட்டால் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு டர்பனில் இருப்பது பெரும் வாய்ப்பு. முதலில் அங்கே போய்க் கருவியின் இயற்கையான ஒலியைக் கேளுங்கள்.

சில இடங்களில் சுருதி சேரவில்லையே. வாசிப்பவர் தவறா, கணினியின் தவறா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பது நமக்குத் தெரியும்; அது அந்தத் தந்தியின் ஐந்தாம் மேற்சுரம். வால்வை அழுத்தாமல் ஹார்ன் ஊதினாலும் இதே ஏணிதான் கிடைக்கிறது: நான்கு, ஐந்து, ஆறாம் படிகள் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். ஏழாம் படி பியானோவின் கைசிகி நிஷாதத்தைவிட 31 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்திருக்கும். பதினோராம் படி சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் கிட்டத்தட்ட நடுவில் விழும். இசையமைப்பாளர் லிகெட்டி தம் ‘ஹாம்பர்க் கான்செர்ட்டோ’வில் தனி ஹார்னோடு வால்வில்லாத நான்கு இயற்கை ஹார்ன்களைச் சேர்த்தது இந்தச் சுரங்களுக்காகவே.

மின்னணுக் கருவி இதற்குப் பெருந்துணை. எஃப் ஹார்னின் அடிச்சுரம் ஏறத்தாழ 43.65 ஹெர்ட்ஸ், அதன் பதினோரு மடங்கு 480. பின்னணியில் கணினி 480 ஹெர்ட்ஸை ஒலித்தால் ஹார்னின் பதினோராம் சுரம் அதனோடு கலந்து நிற்கும். பியானோவின் 494ஐ ஒலித்தால் நொடிக்குப் பதினான்கு முறை துடிக்கும். அந்தத் துடிப்பும் சில இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே கேட்பதுதான்.

அப்படியானால் ராகம் வாசிக்கலாமா? கமகம் வருமா?

உதட்டால் சுரத்தை வளைக்கலாம். வால்வைப் பாதி அழுத்தியும் கையை அசைத்தும் சுரங்களுக்கிடையே வழுக்கலாம். மெதுவான அசைவுகள் அழகாக வரும். விரைவான பிருகாக்கள் நாதஸ்வரத்தில் வருவதுபோல வாரா. ஒரு எச்சரிக்கை: கமகத்தை லூப்பில் போடாதீர்கள். முதல்முறை உயிரோடு இருந்த அசைவு, அச்சுப்பிசகாமல் நான்காம் முறை வரும்போது செத்துவிடுகிறது. நீண்ட, நேரான சுரங்களைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, கமகத்தை நம் மூச்சிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நான் ஹார்ன் மாணவி. மைக்கை எங்கே வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எது சரி?

ஹார்னின் வாய்க்குள் நேராக வைத்தால் மூச்சும் கை உரசலும் பெரிதாகக் கேட்கும். உயர் அலைகள் அந்த நேர்க்கோட்டில் குவிந்து வருவதால் ஒலி கரகரக்கும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி இனிமையாக இருக்கும், ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வருவதும் உள்ளே புகுந்து ஊளையிடும். நான் வைப்பது ஹார்னின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகி, மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி. ஒருபக்கம் மட்டும் கேட்கும் டைனமிக் மைக் போதும். நாற்காலியின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது உடல் ஒரு சாண் திரும்பினாலும் கணினிக்குப் போகும் ஒலி மாறிவிடும்.

மவுத்பீஸில் துளையிட்டு உணரி பொருத்தும் முறையில் ஊளை வராது. ஆனால் ஹார்னின் அகன்ற வாயும் அதிலுள்ள கையும் ஒலிக்குச் செய்வதில் பெரும்பகுதி அதில் பதிவாகாது. நான்காம் விடையில் சொன்ன இரண்டு காரணங்களையும் இழந்துவிட்டு ஹார்னை ஏன் எடுக்க வேண்டும்? வீட்டில் அண்டை அயலாருக்குத் தொந்தரவின்றிப் பயில, ஒலியை அடக்கும் மியூட்டுக்குள் மைக் வைத்த யமஹாவின் சைலன்ட் பிராஸ் பயன்படும். மேடைக்கு அதை எடுத்துச் செல்ல மாட்டேன்.

கணினி எப்போதும் கொஞ்சம் பிந்தியே வருகிறது. விலை உயர்ந்த லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?

பாதி சரியாகும். கணினி ஒலியைச் சிறு கட்டுகளாக வாங்குகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), கட்டுக்கு 256 என்றால் ஒரு கட்டு நிரம்ப 5.3 மில்லிநொடி, வெளியே அனுப்பவும் அதே அளவு. அந்த 5.3 மில்லிநொடியில் ஒலி காற்றில் 1.8 மீட்டர் செல்லும், ஆகவே ஸ்பீக்கர் சற்று எட்ட இருப்பதற்குச் சமம்தான். வேகமான கணினி கட்டின் அளவைக் குறைக்க உதவும்.

சுருதியைக் கண்டுபிடிக்கும் வேலை அப்படியல்ல. ஓர் அலை என்ன சுரம் என்று அறிய, மென்பொருள் ஓரிரு முழு அலைகளையாவது பார்க்க வேண்டும். 87 ஹெர்ட்ஸ் சுரத்தில் ஓர் அலைக்கே 11.5 மில்லிநொடி ஆகிறது. இரண்டு அலைக்கு 23. போதாக்குறைக்கு ஹார்னின் தாழ்ந்த சுரங்கள் நிலைபெறச் சற்று நேரம் எடுக்கும், அவற்றின் அடிச்சுரமும் மேற்சுரங்களைவிட மெலிந்திருக்கும். எந்த விலைக் கணினியும் இதை மாற்றாது. தாழ்ந்த சுரங்களில் உடனடி மறுமொழியை எதிர்பார்க்காத வகையில் இசையை அமைப்பதே தீர்வு.

கணினி எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

மூன்று வழிகள். வாசிப்பவர் காலால் பெடலை அழுத்தலாம். இன்னொருவர் கணினி முன் அமர்ந்து இசைக்குறிப்பைப் பார்த்து நடத்தலாம். அல்லது கணினியே குறிப்பைப் பின்தொடரலாம். மூன்றாவதை 1984இல் பேரி வெர்கோவும் ரோஜர் டானன்பெர்க்கும் தனித்தனியே செய்து காட்டினார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்விடையில் சொன்ன சுருதித் தொல்லை பின்தொடர்வதையும் பாதிக்கும்.

கோயில் மண்டபத்தில் வாசித்தால் எல்லாம் குழம்பிவிடுகிறதே?

நம் மண்டபங்களில் பல, தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் சிமெண்ட். அங்கே எதிரொலி ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது மென்பொருளிலும் ரிவெர்ப் சேர்த்தால் குழம்பாமல் என்ன செய்யும்? முதலில் அதை முழுவதும் அணைத்துவிடுங்கள். பிறகு ஹார்னை மட்டும் ஊதி, எந்தச் சுரம் அறையில் நீண்டு நிற்கிறது என்று கேளுங்கள். அந்தச் சுரத்தைச் சுற்றி உங்கள் தாமதங்களை அமைத்தால் மண்டபம் உங்களுக்குத் துணையாகும். மம்மாவின் பெட்டி செய்ததை நாம் காதால் செய்கிறோம்.

இன்னொரு தொல்லை மின் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப்பும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் அந்த இரைச்சல் ஒலிக்குள் வரலாம். ரிங் மாடுலேட்டர் அதையும் பெருக்கும்: 100 ஹெர்ட்ஸ் அலையோடு சேர்ந்து 150, 50 என்று. எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் இடையில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

நிகழ்ச்சி நடுவில் லோட் ஷெடிங் வந்தால்?

2023இல் மின்வெட்டு மிக மோசமாக இருந்தபோது இந்தக் கேள்வி ஒவ்வொரு வாரமும் வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடும். அதிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸும் ஓடும். நின்றுபோவது ஸ்பீக்கர். சிறிய மண்டபத்துக்குப் பேட்டரி ஸ்பீக்கரோ இன்வெர்ட்டரோ போதும். ஆனால் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது வேறு: ஸ்பீக்கர் அடங்கினாலும் ஹார்ன் தனியே தொடரக்கூடிய வகையில் படைப்பை எழுதுங்கள். அப்படித் தொடர முடியாவிட்டால் ஹார்னின் பகுதியில் போதிய இசை இல்லை என்று பொருள்.

என் தாத்தா இதைக் கேட்டுவிட்டு, இது சங்கீதமா சத்தமா என்கிறார். என்ன சொல்வது?

சத்தமும் இதில் உண்டு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நார்வேயின் ஹில்ட் சோஃபி தாஃப்யோர்ட் ஹார்னையும் மின்னணுக் கருவிகளையும் கொண்டு கடும் இரைச்சல் இசையையே வாசிக்கிறார். அவருக்கு அது தெரிந்தெடுத்த பாதை. தாத்தாவுக்கு முதலில் ஒலியைப் பிரித்துக் காட்டுங்கள். ஸ்பீக்கரை அணைத்து ஹார்னில் ஒரு நீண்ட சட்ஜம். பிறகு அதே சட்ஜம், கணினியோடு. எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், கேட்பவர் பின்தொடரத் தொடங்குகிறார். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அவர் தீர்ப்பை மதியுங்கள், கேட்டுவிட்டுத்தானே சொல்கிறார்.

பணம் அதிகம் செலவழிக்காமல் என் மகன் எப்படித் தொடங்கலாம், அக்கா சொன்னார் மேக்ஸ் வாங்க வேண்டும் என்று?

மேக்ஸ் நல்ல மென்பொருள்தான். 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் அதை உருவாக்கத் தொடங்கினார். அவரே 1990களில் உருவாக்கிய பியூர் டேட்டா இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு மைக், இரண்டு உள்ளீடுகள் கொண்ட எளிய இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி ஸ்பீக்கர் போதும். முதல் மாதம் ஒரே ஒரு தாமதத்தை மட்டும் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஹார்னின் அன்றாடப் பயிற்சியை இதற்காகக் குறைக்கக் கூடாது: நிலையற்ற சுரத்தைக் கணினி இன்னும் நிலையற்றதாகவே திருப்பித் தரும்.

இருபது ஆண்டுக்கு முன் எழுதியதை இன்று திறந்தால் ஓடவில்லை. இந்த இசை நிலைக்குமா?

இதுவே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஹார்ன் பகுதி தாளில் இருக்கும், யாரும் வாசிக்கலாம். மென்பொருளோ இயங்குதளம் மாறினால் நின்றுவிடும். தனியே செய்த பெட்டி பழுதானால் அதன் சுற்றுகளை அறிந்தவர் வேண்டும். ஆகவே கோப்பை மட்டும் சேமித்து வைத்தால் போதாது. ஒவ்வொரு இடத்திலும் கணினி என்ன செய்கிறது என்பதைச் சொற்களிலும் எண்களிலும் குறிப்பின் ஓரத்தில் எழுதுங்கள்: ‘தாமதம் 4 நொடி, மூன்று முறை திரும்பும், ஒவ்வொரு முறையும் பாதி வலிமை’ என்பதுபோல. மைக் எங்கே இருந்தது, ஸ்பீக்கர்கள் எங்கே இருந்தன என்று படம் வரைந்து வையுங்கள். மென்பொருள் எழுப்பிய ஒலியைத் தனியாகவும் ஹார்னைத் தனியாகவும் பதிவு செய்து வைத்தால், பின்னால் வருபவர் தம் காலத்துக் கருவியில் அதை மீண்டும் கட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.